நல்ல குரல் உள்ள பையன்

கோடை விடைபெற்றிருக்க வேண்டிய காலம். ஆயினும் அது போகவில்லை. விருந்துண்டு முடித்தும் எழ மனமில்லாத உறவினரைப்போல, நகரத்தின் நடுக்கூடத்தில் காலை நீட்டிக் கிடந்தது. விடியலில் எழும் காற்றில் ஈரமில்லை. மாலைதோறும் மேகம் திரளும். திரண்டு, தன் கருமையைத் தானே வியந்துகொண்டு, ஒரு துளியும் ஈயாமல் கலையும். சாலையோர மரங்கள் தம் நிழலைத் தம் அடியிலேயே சுருட்டி வைத்துக்கொண்டன. குழாய்கள் வாய் திறந்து காற்றை உமிழ்ந்தன. அந்தச் சீழ்க்கையைக் கேட்டே பெண்கள் துயிலெழுந்தார்கள். வானத்தை வைவதா, நகரமன்றத்தை வைவதா என்று தெருவெங்கும் வழக்கு நடந்தது. வானம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நகரமன்றத்துக்கோ காதே மந்தம்.

அதன் தலைவருக்கு எண்பத்து நான்கு வயது.

தலைவரின் மகள் மருந்துக்கடை வைத்திருந்தாள். ஐம்பதைத் தொட்டவள், கணவனை இழந்தபின் தந்தையோடே வாழ்ந்தவள். அன்று கடையைத் திறக்காமல் வீட்டுக் கூடத்தில் நின்று, தந்தைக்குச் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் வேட்புமனு. அதற்குமுன் கடைசி ஊர்வலம். வாசலில் திறந்த வண்டி வந்து நின்றாயிற்று. அதன் முகப்பில் தலைவரின் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அது எடுக்கப்பட்டபோது அவருக்குத் தலை முழுதும் கருமுடி.

வண்டிக்கு முன்னே வந்தவர் குடைக்காரர். கட்சியின் செயலாளர். முப்பது ஆண்டுகளாகத் தலைவருக்குக் குடை பிடித்தே வளர்ந்தவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. குடையைப் பிடித்த கை நாளடைவில் அதன் கீழ் நின்றவரையே பிடித்துக்கொண்டது. இப்போது அவர் கண்ணசைத்த காகிதமே தலைவரின் மேசைக்குப் போகும். அவர் கைகாட்டிய இடத்தில்தான் கையெழுத்து விழும்.

"தங்கச்சி, ஒரு உதவி" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து மாதிரி நடுத்தெருவுல ஐயா தூங்கிட்டா நல்லா இருக்காது. தெம்பா ஏதாவது மாத்திரை இருக்குமே உன் கடையில? சாயங்காலம் வரைக்கும் கண்ணு முழிச்சிருந்தாப் போதும்."

அவள் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே, எங்கப்பா என்ன, டார்ச் லைட்டா? பேட்டரி மாத்தி எரிய விடுறதுக்கு?"

"கோவப்படாதே. வயசுங்கறது வெறும் நம்பர்தானே."

"இரத்த அழுத்தமும் நம்பர்தாண்ணே. அதையும் வெறும் நம்பர்னு விட்டுடலாமா? போன மாசம் ஒரு பொண்ணு, பக்கத்து வார்டு உறுப்பினர், நான் நிக்கறேன்னு வந்து கேட்டாளே. அவளுக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க?" என்று அவள் கத்தினாள்.

"அவ சின்னப் பொண்ணு. முப்பத்து நாலுதான் ஆகுது. வயசு பத்தாதுன்னு சொன்னேன்."

"அப்ப மட்டும் நம்பர் நம்பராவே இருந்துதா?"

குடைக்காரர் சிரித்து மழுப்பினார். ஊரில் யார் எதைக் கேட்டாலும் அவர் கொடுக்கும் பதில் அந்தச் சிரிப்புத்தான்.

நாற்காலியில் அமர்ந்திருந்த தலைவர், உதடு அசைவதைக் கண்டு ஏதோ தமக்கு வேண்டிய பேச்சு என்று உணர்ந்து, முகம் மலர்ந்தார்.

"அந்தப் பையன் இன்னைக்கும் வருவானா?"

"எந்தப் பையன்பா?"

"வண்டியில பேசுறானே, அவன்தான். என்ன குரல் பாப்பா அது! மொதல்ல என் பாட்டைப் பாடிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கறான். மரியாதை தெரிஞ்ச பையன். எங்க உக்காந்து பேசுறான்னுதான் தெரியல. எனக்குப் போட்டோவுக்கு மைக்கைப் பிடிக்கற வேலை மட்டுந்தான்."

 தந்தையின் மேடைக்குரல் போய் ஆண்டுகள் ஆகின்றன. வண்டியில் ஒலிப்பது அவரே முன்னொரு காலத்தில் பேசிய பழைய ஒலிநாடாக்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். உயிரில்லாத மைக்கை அவர் வாயருகே பிடித்திருப்பார். ஒலிபெருக்கியில் அவருடைய நாற்பது வயது முழங்கும். இதை அவர் அறிந்தே செய்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் எண்ணியிருந்தாள்.

குடைக்காரரை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"அவர்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

"கட்சிப் பையன் ஒருத்தன் பேசுறான்னு சொன்னேன். உங்க பழைய பேச்சுதான்னு சொன்னா, இப்ப பேச முடியலையேன்னு மனசு உடைஞ்சு போயிடுவாரும்மா. அவர் நல்லதுக்குத்தானே?"

"அவர் நல்லதுக்கா? குழந்தைக்குக்கூட இப்படி வேடிக்கை காட்ட மாட்டாங்களே! ஊரையே ஆண்ட மனுஷனைக் கொலு பொம்மையாக்கி வெச்சுட்டு, நல்லதுங்கறீங்களா?"

"நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும் தங்கச்சி. அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா அவர் நிக்கமாட்டேன்னுடுவார். அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்."

அவள் வண்டியைப் பார்த்தாள். சொன்னால் தந்தையின் முகத்தில் விழப்போகும் இருளைத் தன் கையாலேயே இறக்க வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் ஐந்தாண்டு அவர் இந்த வண்டியிலேயே வாழ்வார். ஒருவேளை இதிலேயே இறக்கவும் செய்வார். இறந்த மறுநாளும் இவர்கள் கையைத் தூக்கி அசைத்துக் காட்டுவார்கள் என்று தோன்றியபோது, அவளுக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல் வந்தது. மாத்திரை தரவில்லை. தானும் வண்டியில் ஏறி, தந்தையின் பக்கத்தில் அமர்ந்தாள்.

வண்டி தையற்கடைகள் நிறைந்த நீண்ட தெருவுக்குள் திரும்பியது. தெருக்குழாயின் முன்னே குடங்கள் வரிசையாக அமர்ந்திருக்க, அவற்றின் உடைமையாளர்கள் நிழல் தேடி ஒதுங்கியிருந்தார்கள். நகரின் நீரேற்று நிலையத்தில் மோட்டார் எரிந்துபோய் ஒரு மாதமாகிறது. புது மோட்டாருக்குத் தலைவர் உத்தரவு தர வேண்டும். குடைக்காரருக்கு வேண்டிய கடை இன்னும் விலை சொல்லவில்லை. ஆகவே அந்தக் காகிதம் இன்னும் தலைவரின் மேசைக்கு வரவில்லை.

"போடுய்யா" என்றார் குடைக்காரர், பின்னால் அமர்ந்திருந்த மைக்செட்காரரிடம்.

ஒலிபெருக்கி செருமிக்கொண்டு பாடத் தொடங்கியது. தலைவர் தம் இளமையில் தாமே கட்டிய வழிபாட்டுப் பாட்டு அது. அதைப் பாடாமல் அவர் எந்த மேடையிலும் ஒரு சொல் பேசியதில்லை.

*மண்ணிற்கு மழையாய், மழைக்கொரு கருணையாய்,*
*கண்ணிற்கு ஒளியாய், ஒளிக்கொரு காரணமாய்,*
*எண்ணிற்கும் எட்டாமல் என்னுள்ளே நிற்பவனே,*
*புண்ணுற்ற ஊர்க்குப் புகல்.*

தலைவர் கண்மூடி, உதடசைத்து உடன் பாடினார். அந்த ஒரு கணம் மட்டும், பார்த்தவர்களுக்கு எல்லாம் மெய்யென்றே பட்டது. பாட்டு முடிந்தது. குரல் இடிபோல் எழுந்தது.

"பெரியோர்களே! நம்ம நகரத் தலைவரைப் பாத்தீங்களா? மேடை ஏற ரெண்டு பேர் கை குடுக்கணும்! மேடையில தன்னைத் தூக்க முடியாதவர் இந்த ஊரைத் தூக்குவாரா?"

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அறுபது தாண்டிட்டா மரியாதையா வீட்டுல உக்காரணும்! நாற்காலியை உடும்பு மாதிரி பிடிச்சுக்கிட்டு, பின்னாடி இருக்கறவன் சொல்ற இடத்துல கையெழுத்துப் போடறதுக்கா நாம ஓட்டுப் போட்டோம்?"

"நிறுத்துய்யா!" குடைக்காரர் கூவினார். "என்னத்தைப் போட்டுத் தொலைச்சே?"

மைக்செட்காரர் பெட்டியோடு மல்லுக்கட்டினார். "நான் என்னண்ணே பண்ணுவேன்? ஐயாவோட எல்லாப் பேச்சும் ஒரே பாட்டுலதானே ஆரம்பிக்குது! பாட்டைக் கேட்டேன், சரியா இருந்துச்சு, போட்டுட்டேன். இது அவர் முதல் தேர்தல்ல அப்ப இருந்த பழைய தலைவரைத் திட்டின பேச்சு போல இருக்கு."

"அறுபது தாண்டினா வீட்டுல உக்காரணுமாமே!" ஒரு தையற்காரி, வாயில் நூலோடு, கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "செயலாளரே, உங்களுக்கு எத்தனை ஆகுது?"

"எனக்கும் எம்பது ஆகுது" என்று நிழலில் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி வெடுக்கென்றாள். "அதுக்காக என்னை வீட்டுல பூட்டுவியாடி? என் குடத்தை நான்தான் தூக்குறேன். வயசாயிடுச்சுன்னு அவர் மேல எனக்குக் கோவமில்ல. அவரைத் தூக்கிக் காட்டுறானுங்களே, அவனுங்க மேலதான்."

மைக்செட்காரரின் கை பொத்தானைக் கண்டுபிடித்த வேளையில் தலைவர் தம் கையை உயர்த்தினார்.

"விடு. பேசட்டும்."

வண்டி நின்றது. குரல் இன்னும் சிறிது நேரம் முழங்கி, தானே ஓய்ந்தது. 

"நல்லாப் பேசுறான்" என்றார் தலைவர். "நறுக்குன்னு பேசுறான். யாரு பாப்பா அந்தப் பையன்?"

குடைக்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். "வேண்டாம் தங்கச்சி" என்றது அந்தத் தொடுகை. அவள் தன் கையை உதறிக்கொண்டாள்.  தந்தையின் காதருகே குனிந்தாள். அவர் நாள்தோறும் விழுங்கும் கசப்பு மருந்தை நீட்டும்போது பேசும் அதே குரலில் சொன்னாள்.

"அது நீங்கதாம்பா."

அவர் புரியாமல் பார்த்தார்.

"உங்க பழைய பேச்சு. இத்தனை நாளும் கேட்டதெல்லாம் உங்க குரல்தான். பையன்னு யாரும் கிடையாது."

தலைவர் தம் கையிலிருந்த மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் வாலில் கம்பியில்லை. அதை மடியில் வைத்தார். பிறகு தெருவைப் பார்த்தார். அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்போல.

"குடமெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

 முதியவள்தான் சொன்னாள். "மோட்டார் எரிஞ்சு போச்சுங்கய்யா. ஒரு மாசமாச்சு. உங்க கையெழுத்து வரணும்னு சொல்றாங்க."

"ஒரு மாசமா?" அவர் குடைக்காரரை நோக்கித் திரும்பினார். அந்த முகத்தில் பழைய படத்தின் சாயல் ஒரு நொடி வந்து நின்றது. "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஐயா, நீங்க அசதியா இருந்தீங்க..."

"அசதியா இருந்தா எழுப்பணும். எழுப்பியும் எழலைன்னா, வேற ஆளைத் தேடணும். என்னை வெச்சுத் திரை கட்டக் கூடாது."

மகளின் தோளைப் பற்றி எழுந்தார். மைக் இல்லை. நூலிழைபோல் மெலிந்த குரல். அருகிலிருந்தவர்களுக்கே கேட்டது, அவர்கள் பின்னிருந்தவர்களுக்குச் சொன்னார்கள், அப்படியே தெருமுனைவரை போயிற்று.

"அந்தப் பையன் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு. அன்னைக்கு அவன் திட்டின மனுஷன் தெளிவா இருந்தாரு. படியேறத்தான் கை கேட்டாரு, புத்திக்குக் கேக்கலை. அவரைச் சொல்லியிருக்கக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னைச் சொல்லலாம்."

குடைக்காரர் பதறினார். "ஐயா, நாளைக்கு மனு..."

"மோட்டார் காகிதத்தை இப்பவே வீட்டுக்கு அனுப்பு. யார் பொருள் உழைக்கும்னு பாப்பா படிச்சுச் சொல்லட்டும், போடறேன். அதான் என் கடைசிக் கையெழுத்து. மனுவுக்கு, அந்தச் சின்னப் பொண்ணு கேட்டுச்சாமே, அதைக் கூப்பிட்டுப் பேசு. வயசைக் கேக்காதே. வேலையைக் கேளு."

"அப்பா, உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"காது மந்தந்தான் பாப்பா. நீ கத்தினியே, அது கேட்டுச்சு." பிறகு குடைக்காரரிடம் சொன்னார்: "குடையை நீயே வெச்சுக்க. எனக்குக் கொஞ்சம் வெயில் படட்டும்."

தந்தையும் மகளும் நடந்தே திரும்பினார்கள். தெரு இருபுறமும் எழுந்து நின்றது. எவரும் கைதட்டவில்லை, தட்டாதது நல்லதாயிற்று. வழியில் அவர் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். உட்காரும்போதெல்லாம் அவளுடைய சினம் மறுபடி தலைதூக்கியது. எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! பார்த்தும், அன்பென்றும் மரியாதையென்றும் பெயரிட்டு, ஒரு மனிதரை அவருடைய இறந்த காலத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்களே! தானும் அவர்களில் ஒருத்தி என்ற எண்ணம்தான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

கடைகளின் விலைச்சீட்டுகளோடு காகிதம் வந்தது. அவள் படித்துச் சொன்னாள். மறுக்க வேண்டியதை மறுத்து, நல்லதொன்றைத் தேர்ந்து, அவர் தாமே கையெழுத்திட்டார். யாரும் இடம் காட்டவில்லை.

மாலையில் வழிபாட்டு மாடத்தின் முன் அவர் அமர்ந்தார். அவள் விளக்கேற்றினாள். வீட்டில் எஞ்சியிருந்தது அரைச் செம்புத் தண்ணீர். அதில் ஒரு கையளவு எடுத்து மாடத்தின் முன் வைத்தார். கைகுவித்துப் பாடத் தொடங்கினார். ஒலிபெருக்கியில் கேட்ட இடி இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் அவருடையதாக இருந்தது. மூன்று வரி வந்தது. நான்காவது வரவில்லை. உதடு தேடியது; கண் தேடியது; வெட்கத்தோடு மகளைப் பார்த்தார்.

"புண்ணுற்ற ஊர்க்குப் புகல்" என்று அவள் மெல்லப் பாடினாள்.

"அதேதான்" என்று தலையசைத்து, அவளோடு சேர்ந்து அந்த வரியை இன்னொரு முறை பாடினார். பிறகு அவள் தலைமேல் கை வைத்தார். 

"நல்லா இரும்மா. எனக்கு அப்புறம் வர்றவங்களும் நல்லா இருக்கட்டும். ஊர்க் குடமெல்லாம் நெறையட்டும்."