கீழ்ப்பிரிவு மரணச் சங்கத்தின் தீர்மானம்

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பெல்மதுளைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவு மரணச் சங்கம், தன் உறுப்பினர் வீடுகளில் மூன்றைக் கையுயர்த்தி வெளியே தள்ளியது. அந்த மூன்று வீடுகளும் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

விஜயகலாவின் கணவன் நிமல் சிங்களவன். கிருஷ்ணகுமாரின் மனைவி றஸ்மியா முஸ்லிம். பாடசாலை விடுதியில் குடியிருந்த நாகேஸ்வரி ரீச்சர் தமிழர்தான், ஆனால் தோட்டத்தவரல்ல, யாழ்ப்பாணத்தவர். இவ்வளவுதான் வழக்கு. "சங்கம் நம்ம ஆளுங்களுக்கு மட்டுந்தான்" என்றார் தலைவர் நாகலிங்கம். முன்வரிசைக் கைகள் உயர்ந்தன. அவற்றைப் பார்த்துப் பின்வரிசைக் கைகளும் உயர்ந்தன.

சாவு விழுந்த வீட்டில் கூடாரம் போடுவதும் குழி வெட்டுவதும் பாடை சுமப்பதும் சங்கத்து வீடுகள் முறைவைத்துச் செய்யும் வேலைகள். சங்கத்தில் இல்லாத வீட்டுப் பிணத்துக்குத் தோள் கிடையாது. விஜயகலாவின் தாய் அழகம்மாவோ, மூச்சுவிட முடியாமல் படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

"எங்கம்மா பொறந்ததே இந்தத் தோட்டத்து லயத்துலதான். அவங்க செத்தா எவன் குழி வெட்டுவான், தலைவரே?" என்று விஜயகலா கேட்டாள்.

"ஒம் புருஷன் ஊர்ல சங்கம் இருக்குல்ல? அங்க போயி கேளும்மா."

"ரீச்சருக்கு யாழ்ப்பாணத்துலேருந்து ஆள் வரும், பஸ்ஸு கெடச்சா!" என்றது பின்வரிசைக் குரலொன்று. கூட்டம் சிரித்தது.

தலைவரின் சொந்த அக்காள் இலட்சுமி மட்டும் எழுந்து நின்றாள். பிள்ளைக் காம்பராவில் விஜயகலாவோடு சேர்ந்து தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள்.

"டேய் நாகு, ஒம் மக பிரசவ வலியில துடிச்சப்ப ஓட்டோவ கொண்டாந்து நிறுத்துனது யாரு? இந்த நிமல்தானே? அப்ப கேட்டியா, நீ நம்ம ஆளான்னு? மூணு வீடும் சங்கந்தான்டா!"

"உக்காருக்கா."

அவள் உட்காரவில்லை. கூட்டத்தை விட்டே வெளியேறினாள்.

கையுயர்த்தியவர்களில் ஒருவரும் மயானத்துப் பாதையை நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பாதை நிமலின் தந்தை சோமபாலவின் இறப்பர்க் காணிக்குள்ளால் செல்கிறது. முன்பெல்லாம் அவருடைய படலை பூட்டியே கிடந்தது. பாடைகள் மழைத்தண்ணீர் ஓடும் செங்குத்தான கான் பாதையில் வழுக்கி வழுக்கியே சென்றன. மகன் விஜயகலாவை மணந்த அன்று, சம்பந்தி வீட்டாருக்குப் பூட்டு எதற்கென்று சோமபாலவே அதைக் கழற்றி எறிந்தார். தீர்மானத்துக்கு மறுநாள் புதிய பூட்டு தொங்கியது. "என் மருமகள் அவர்களுடைய ஆள் இல்லையென்றால், அவர்களுடைய பாடைக்கு என் காணியில் வழியும் இல்லை" என்று சிங்களத்தில் சொல்லி, சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினார். அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கூட்டத்தில் எழுந்த அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதில் கிடந்தது.

ஓகஸ்டில், அடைமழைக்கு நடுவே, இலட்சுமி மாரடைப்பால் இறந்துபோனாள். இளைஞர்கள் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருந்தார்கள்; மிஞ்சியவர்கள் நரைத்தவர்கள். படலையைத் தட்டக் கூச்சப்பட்ட நாகலிங்கம் பாடையைக் கான் பாதையில் திருப்பினார். அங்கே மண் சரிந்திருந்தது. இருவர் வழுக்கி விழ, பாடை சாய்ந்தது. இலட்சுமியின் கால் வெளியே தெரிந்தது. தூக்கிய பாடை வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது வழக்கம். ஆகவே, படலைக்குத்தான் வந்தார்கள்.

விஜயகலா உட்புறத்தில் சாவியோடு நின்றிருந்தாள்.

"கேட்டத் தொற, விஜயா."

"இது ஒங்க ஆளுங்க கேட்டு இல்லீங்களே, தலைவரே."

"பொணத்த தோள்ல வச்சிக்கிட்டு நியாயம் பேசுற நேரமா இது?"

"எங்கம்மா உசுரோட கெடக்கையிலேயே அவங்க பொணத்துக்கு நீங்க நியாயம் பேசலையா?"

தப்படித்துக்கொண்டு வந்த சசி கையை நிறுத்திவிட்டான். பாடையில் கிடப்பவள் தனக்காக எழுந்து நின்றவள் என்பது விஜயகலாவின் நெஞ்சை அறுத்தது. அவளைக் காக்கவைப்பது பாவம். சும்மா திறந்துவிட்டாலோ, நாளைக்கு அழகம்மாவுக்குத் தோள் இல்லை.

"எங்க அக்காவ நான் மழையில நனைய விட மாட்டேன். ஆனா, கூட்டத்துல அக்கா சொன்னத நீங்க இப்ப இங்க சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

நாகலிங்கம் பாடையைப் பார்த்தார். "மூணு வீடும் சங்கந்தான்."

"பேரச் சொல்லுங்க."

"ஒன் வீடு. கிருஷ்ணகுமார் வீடு. ரீச்சர் வீடு. போதுமாடி?"

பூட்டுத் திறந்தது. நிமலும் கிருஷ்ணகுமாரும் றஸ்மியாவின் தம்பி லாபிரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். சோமபால தன் ஊராரோடு மண்வெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடி, பாதி இடிந்து தண்ணீர் நிரம்பிக் கிடந்த குழியை இறைத்து, புதிதாக வெட்டிக் கொடுத்தார். சங்கத்துக் கிழவர்கள் கைகட்டி நின்று பார்த்தார்கள். தாங்கள் வெளியே தள்ளியது மூன்று வீடுகளையல்ல, தங்கள் பலத்தில் பாதியை என்பது அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால், அடுத்த கூட்டத்தில் நாகலிங்கம் என்ன சொன்னார் தெரியுமா?

"சாவு நேரத்துல வாயில வந்ததெல்லாம் தீர்மானம் ஆகாது."

சசி எழுந்தான். "எனக்குக் கேட்டுச்சுங்க. தப்ப நிப்பாட்டிட்டுத்தான் கேட்டேன். இனி இந்தச் சங்கத்துச் சாவுக்குத் தப்படிக்கணும்னா, அந்த மூணு வீடும் உள்ள இருக்கணும். இல்லாட்டி நீங்களே வாயால அடிச்சிக்குங்க."

பழைய தீர்மானத்தை நீக்கக் கைகள் உயர்ந்தன. நாகலிங்கத்தின் கை மடியிலேயே கிடந்தது.

ஒக்டோபரில் அழகம்மாவின் மூச்சு நின்றது. குழி வெட்டும் முறை நாகலிங்கத்தின் வீட்டுக்கு வந்தது. அவர் வந்தார், வெட்டினார், விஜயகலாவின் முகத்தைப் பார்க்காமலே மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போனார். குழி ஆழமாக இருந்தது. அதுவே அவளுக்கு வேண்டியிருந்தது.

வாசகரே, உங்கள் ஊரிலும் ஒரு சங்கம் இருக்கும். "நம்ம ஆளுங்களுக்கு மட்டும்" என்று அங்கேயும் ஒருவர் தொடங்குவார். முன்வரிசைக் கைகள் உயரும். அப்போது உங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு நல்லவராக இருந்துவிடாதீர்கள். இலட்சுமியைப் போல எழுந்து நின்று, வெளியே தள்ளப்படுகிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.