பகலில் தெரியாத தீ

விடிந்தும் விடியாத நேரம். வாயு சிலிண்டர் மாற்றித்தரும் கடையில், பெரியவள் அதற்குள் நாற்பது சிலிண்டர்களைத் தூக்கி இறக்கியிருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் கனம்தான்; நாற்பது குழந்தைகளை வரிசையாகத் தூக்கிப் பார்த்தால்தான் இடுப்பு என்ன சொல்லும் என்று தெரியும். வாசலில் ஹைட்ரஜன் மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டி நின்றன. நல்ல வண்டிகள், குறை சொல்ல முடியாது. புகையில்லை, நாற்றமில்லை, பின்னால் சொட்டுவது வெறும் தண்ணீர். காலி சிலிண்டரைக் கழற்றி நிறைந்ததை மாட்டினால் இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிடலாம். அந்த இரண்டு நிமிடமும் முதலாளியின் கண்ணை உறுத்தியது.

சிலிண்டர் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வராவிட்டால் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. கசிவைக் காட்டிக்கொடுப்பது குமிழிதான். "வரிசை தெருமுனையத் தாண்டுது. ஸ்டிக்கர மட்டும் ஒட்டி அனுப்புங்க" என்றார் முதலாளி, போன மாதம். எல்லோரும் ஒட்டினார்கள். அவளும் ஒட்டினாள்.

மூன்று நாளைக்கு முன், நல்ல வெயிலில், அவள் கொடுத்த சிலிண்டரை வண்டியில் மாட்டக் குனிந்தாள் சின்னவள், அதே கடையில் வேலை பார்க்கும் கூடப்பிறந்த தங்கை. கசிந்த வாயுவில் எங்கிருந்தோ பொறி பட்டிருக்கிறது. இந்தத் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. வெறும் காற்றென்று கையை நீட்டியவள் அலறினாள். சட்டைக் கை கருகிச் சுருண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில், இரண்டு கையிலும் கட்டோடு, "அக்கா, நீ பாத்துதானே குடுத்த?" என்று கேட்டாள். பெரியவள், பாவி, ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

இன்று முதலாளி ஒரு தாளோடு வந்தார்.

"கேமராவுல பாத்துட்டேன். தீயே இல்ல. சிலிண்டர் சோதிச்சதுதான். உன் தங்கச்சி கவனக்குறைவுதான் காரணம். கையெழுத்துப் போடு."

"தீயே இல்லேன்னா கை எப்படி சார் வெந்துச்சு?" என்றார் வாயு நிரப்புகிறவர். சிரித்தே பார்த்திராததால் அவருக்கு சிடுமூஞ்சி என்று பேர்.

முதலாளி அவரைக் கண்டுகொள்ளவில்லை. "போட்டா உன் வேலை இருக்கும்."

"அவ வேலை?" என்றாள் பெரியவள்.

"அந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன வேலை செய்வா?"

பெரியவள் கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் சோதிக்கல சார். ஸ்டிக்கர் மட்டுந்தான் ஒட்டினேன். என் தங்கச்சி கைய நான்தான் எரிச்சேன்."

"அப்ப குத்தம் உன்மேல. நீயே ஒத்துக்கிட்ட."

"நானும் சோதிக்கல" என்றார் சிடுமூஞ்சி. "நேத்து மட்டும் அறுபது."

"நானும்." "நானுந்தான்." ஒருவர் பின் ஒருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றார்கள். "சோதிக்க வேணாம்னு சொன்னது யாருன்னும் சேத்து எழுதுங்க சார்."

வரிசையில் முதலில் நின்ற வண்டிக்காரி வண்டியை அணைத்தாள். "சோதிக்காததத்தான் நாங்க தினமும் காலுக்கு நடுவுல வச்சு ஓட்டினோமா? இனி ஒவ்வொண்ணா சோதிச்சுக் குடுங்க. எவ்வளவு நேரமானாலும் நிக்கிறோம்."

"போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்களும் இதே வண்டியிலதான வரணும். வரிசையில நிக்கட்டும்" என்றாள் வண்டிக்காரி.

சிரிப்பு தெருமுனை வரை போனது. பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றாள் சிடுமூஞ்சியிடம். "சாயங்காலம் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

"நாங்களும் வரோம்மா."

"காறித் துப்புவா."

"துப்பட்டும். எல்லாரும் சேந்து வாங்கிக்குவோம்."