மரியநாயகிக்கு இரண்டாவது நற்சான்றிதழ்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து களவெடுத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. எழுதுகிறவர் பெயர் தியாகலிங்கம். நியூசிலாந்தில், த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் துணை மனேஜர். ஒக்லாந்துத் தமிழர்களின் மாத இதழில் அவருடைய நான்கு கதைகள் வந்திருக்கின்றன. மூன்றை அவருடைய மனைவிகூட வாசிக்கவில்லை. "நான்" என்று எழுதினால் மாட்டிக்கொள்வார் என்பதால் தன்னையே "அவர்" என்று எழுதுகிறார். மரியாதையும் கிடைக்கும், தப்பிக்க வழியும் கிடைக்கும்.

முதல் தொடக்கம்: "மருண்ட விழிகளும் மாறாத புன்னகையும் கொண்ட மரியநாயகி..."

அடித்தாயிற்று. மரியநாயகி மன்னார்க்காரி, நாற்பத்தொரு வயது, ஆறு வருடமாக அந்தக் கடையின் குளிரறைப் பகுதியில் வேலை. அவள் சிரித்து அவர் பார்த்தது இரண்டு தரம். பெண் என்றதும் பேனை தன்பாட்டில் ஒரு புன்னகையை எடுத்துப் போட்டுவிட்டது.

(கவனித்திருப்பீர்கள்: தனக்கு "அவர்", அவளுக்கு "அவள்". திருத்தினால் யார் யாரென்று உங்களுக்குக் குழம்பும் என்று ஒரு சாட்டு வைத்திருக்கிறார்.)

2

1998 மார்ச்சில் மரியநாயகி ஆல்பனிக் கிளையில் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பித்தாள். நற்சான்றிதழ் கேட்டாள். அவர் உருகி உருகி எழுதினார்: "லவ்லி", "கெயாரிங்", "எல்லோருக்கும் ஒரு தாய் போல". முந்தின வருடம் இதே மாதிரி வேலைக்கு யோகராஜா என்ற பொடியனுக்கு அவர் எழுதியதன் பிரதி மேசை லாச்சியில் கிடந்தது. அதில் "ஃபேர்ம்" (உறுதியானவர்), "அம்பிஷியஸ்" (முன்னேறத் துடிப்பவர்), "பிறவித் தலைவர்".

யோகராஜாவுக்கு வேலை கிடைத்தது. மரியநாயகிக்கு, பூ விற்கிற மேசையில் ஓர் இடம் இருக்கிறது, விருப்பமா என்று பதில் வந்தது.

3

"நேர்முகத் தேர்வில் இருந்த வெள்ளைக்காரி மூக்கைச் சுளித்து..."

இந்த வசனம் இப்படியே கிடக்கட்டும். யாரும் மூக்கைச் சுளித்ததாக மரியநாயகி சொல்லவில்லை. கதைக்கு ஒரு வில்லி தேவைப்பட்டது, கைக்குக் கிட்ட அகப்பட்டவளைப் பிடித்து வந்தார்.

உண்மையில் நடந்தது, ஓகஸ்டில், தேநீர் இடைவேளையில்.

"அண்ணை, இன்னொரு கடிதம் வேணும். வெஸ்ட்கேட்டில புதுக் கடை திறக்கினம். செவ்வாய்க்கு முன்னம் குடுக்கோணும்."

"அதுக்கென்ன, பழைய கடிதத்தில திகதியை மாத்திவிடுறன். நல்லாத்தானே எழுதினனான்?"

"ஓம், நல்லாத்தான் எழுதினீங்கள். வாசிக்க, எனக்கே என்னைக் கலியாணம் கட்டோணும் போல இருந்தது. இந்த முறை என்னை ஆம்பிளை எண்டு நினைச்சு எழுதுங்கோ."

4

முயன்றார். யோகராஜாவின் கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். வாசித்தபோது திடுக்கிட்டார். யோகராஜாவில் "ஃபேர்ம்" இஸ்திரி போட்ட சட்டை மாதிரி அழகாக இருந்தது. மரியநாயகிக்குப் பக்கத்தில் அதே சொல் கதவை அடித்துச் சாத்தியது. "அம்பிஷியஸ்" என்றால் அவன் முன்னுக்கு வருகிறவன், அவள் யாரையோ மிதித்து ஏறுகிறவள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பாரபட்சம் காகிதத்தில் இல்லை, வாசித்த மண்டையில் இருந்தது. அந்த மண்டைக்குத் தன்னை முற்போக்கானது என்று வேறு ஒரு நினைப்பு.

மார்ச்சில் எழுதியது, பெயர் மாற்றியது, இரண்டு கடிதங்களையும் அவளிடம் காட்டினார். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தாள்.

"சனவரியில குளிரறை பழுதானது இதில எங்கை?"

(அதை உங்களிடமும் மறைத்துத்தான் வைத்திருந்தார்.)

சனவரி இங்கே கோடை; கொளுத்துகிற மத்தியானம், குளிரறை நின்றுபோனது. மனேஜர் லீவு. தியாகலிங்கம் வாசலில் நின்று அறிவுறுத்தல் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மரியநாயகி எட்டுப் பேரை நிரையாக நிறுத்தி, இறைச்சி முழுவதையும் நாற்பது நிமிடத்தில் பின்பக்கத்துக் குளிர் லொறிக்கு மாற்றினாள். ஒரு பொட்டலம் வீணாகவில்லை. இடையில் அவரிடம் ஒன்று சொன்னாள்: "விலத்துங்கோ அண்ணை, வழியில நிக்காதேங்கோ." எட்டுப் பேருக்கும் கேட்டது.

5

மார்ச்சில், கடிதம் போன பிறகு, ஆல்பனியிலிருந்து ரெலிபோனில் விசாரித்தார்கள். ஆள் எப்படி என்று கேட்டார்கள். தியாகலிங்கம் சிரித்துக்கொண்டே ஒரு சொல்...

சரி, இனி "அவர்" வேண்டாம். நான்தான் சொன்னேன். "கொஞ்சம் பொஸி."

அதிகாரம் பண்ணுகிறவள் என்று பொருள். அதை ஓர் ஆணைப் பார்த்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யோகராஜா லொறிக்காரனைக் கத்திக் கலைத்த நாளில் நான் சொன்ன சொல் "ஸ்ட்ரோங்". மரியநாயகியின் வேலையைக் கெடுத்தது பாழாய்ப்போன நான். அதுவும், என்னை வழியை விட்டு விலகச் சொன்ன கோபத்தில். எழுத வெட்கமாக இருக்கிறது.

6

ஓகஸ்டில், இரண்டு கடிதங்களையும் வாசித்த அடுத்த நாள், மரியநாயகி கடிதத்தைத் தானே எழுதிக்கொண்டு வந்தாள். புகழ்ச்சியாக ஒரு சொல்லும் இல்லை. எத்தனை மணிக்குக் குளிரறை நின்றது, யாரை எங்கே நிறுத்தினாள், எத்தனை மணிக்கு முடிந்தது. துணை மனேஜர் வழியில் நின்றதும் இருந்தது.

"இதையும் போடோணுமே, பிள்ளை?"

"நடந்ததுதானே, அண்ணை."

கையெழுத்துப் போட்டேன்.

7

முடிவு ஒன்று: நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவள் கண்கலங்கி... (அவள் ஏன் கலங்கவேண்டும்? அடித்தாயிற்று.) முடிவு இரண்டு: அவளுக்கு வேலை கிடைக்கிறது, என்னைக் கும்பிடுகிறாள். (என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.)

வியாழன் நான்கு மணி. அலுவலக அறையில் ரெலிபோன் அடிக்கிறது. மரியநாயகி இருப்புப் பட்டியலோடு கதவடியில் நிற்கிறாள்.

"எடுங்கோ, அண்ணை. இந்த முறை நான் இதிலயே நிக்கிறன்."

இந்த முறை. அப்படியென்றால் போன முறை நான் சொன்னதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னிடமே கடிதம் கேட்டு வந்திருக்கிறாள்.

எடுத்தேன். கடிதம் கிடைத்தது, ஒரேயொரு கேள்வி என்கிறது வெஸ்ட்கேட்டிலிருந்து ஒரு பெண் குரல். ஆள் எப்படி?

ரிசீவரின் வாயைக் கையால் பொத்துகிறேன். குளிரறையில் நடந்தது இப்போது உங்களுக்கும் தெரியும். இந்தாருங்கள், ரிசீவரைப் பிடியுங்கள். முதலில் உங்கள் வாயில் வந்தது என்ன சொல் என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.