வேலிக்குள் மேய்ந்தது

முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களில் இருநூற்றெண்பது, மாட்டின் மூக்கு. மிச்சத்தில் ஒரு கொக்கு, பிறகு தன் வாலையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு நரி. லண்டன் குட்மேய்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, ஆறிப்போன தேத்தண்ணியோடு, சதுப்பில் கட்டிவைத்த தானியங்கிக் கமெரா எடுத்ததைச் சஞ்சயன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தான். முந்நூற்று மூன்றாவது படத்தில் ஊதா நிறக் கார்டிகன் ஒன்று வந்தது. அடுத்ததில் கார்டிகனுக்குக் கீழே சேலை, சேலைக்குக் கீழே கறுப்பு றப்பர் பூட்ஸ். அதற்கடுத்ததில் முகம். ஒரு கையில் கத்தரிக்கோல், மற்றக் கையில் இல்ஃபோர்ட் தமிழ்க் கடைப் பை. அந்த முகம் அந்த நேரம் அவனுக்குப் பத்தடி தள்ளி, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தது.

சஞ்சயனின் தொழிலை ஆருக்கும் விளங்கவைப்பது கஷ்டம். ‘டொக்டர்’ என்று கேள்விப்பட்டு முழங்காலைக் காட்டுகிறவர்கள், தாவர ஆராய்ச்சி என்றதும் காலை இழுத்துக்கொள்வார்கள். “மாடு புல்லுத் தின்னுறதைப் பாக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?” என்று ஒரு கலியாண வீட்டில் கேட்டார்கள். அவனுக்கும் சில வேளைகளில் அதே சந்தேகம் வந்ததுண்டு. தேம்ஸ் நதி கடலை நோக்கி அகலத் தொடங்குகிற இடத்தில் ஓர் உவர்ச்சதுப்பு. அதில் ஆறு சதுரங்களுக்கு இடுப்பளவு கம்பி வேலி போட்டிருந்தான். வேலிக்கு வெளியே மாடு மேயும், உள்ளே மேயாது. இரண்டு பக்கத்துச் செடிகளையும் நாலு கோடையாக அளந்துகொண்டிருந்தான். மாடு சதுப்புக்கு நல்லதா கெட்டதா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் விஞ்ஞானம்.

இந்தக் கோடையில் இரண்டு சதுரங்களுக்குள், உப்புச் சேற்றில் வளரும் உமரிச் செடிகள் கட்டையாகிப் போயின. மாடு நுழைய வழியில்லை. வேலிக் கதவில் கட்டிய கம்பி முடிச்சு கட்டினபடியே இருந்தது. முன்னைவிட நேர்த்தியாகவே இருந்ததைப் பார்த்து, தன் கைத்திறனை மெச்சிக்கொண்டும் இருந்தான். ஆராய்ச்சித் தலைவர் சுந்தரராஜன் சென்னைக்காரர். செய்தி கேட்டு நாற்காலியை விட்டே எழும்பிவிட்டார். “ஏதோ ஒண்ணு உள்ள பூந்து மேயுதுப்பா. இதுவரைக்கும் யாருமே கவனிக்காத ஒண்ணு. திங்கட்கிழமை மீட்டிங்ல இத வச்சே இன்னும் ரெண்டு வருஷம் வாங்கிடுறேன்.” மனிதக் கை பட்டதென்றால் கதை வேறு. அந்த இரண்டு சதுரங்களும் குப்பைக்குப் போகும். மிஞ்சும் நாலை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. செப்டெம்பரோடு சஞ்சயனின் வேலையும் முடிந்துவிடும்.

குசினியில் இருந்த மிருகத்தின் பெயர் கனகாம்பிகை. கம்சிகாவின் தாய், அவனுடைய மாமி. கணவர் போனபிறகு இரண்டு வருடமாக இவர்களோடு இருக்கிறார். மருமகனோடு நேரே முகம் பார்த்துக் கதைக்கமாட்டார். கோபம் ஒன்றுமில்லை, அவர் பழகிய மரியாதை அப்படி. “அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ எண்டு கேள் பிள்ளை” என்பார், அவர் முன்னாலேயே அவன் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. மகள் வீட்டில் இல்லாவிட்டால் பிரிட்ஜைப் பார்த்து, “சாப்பாடு ஆறுது” என்பார். அவனும் பிரிட்ஜுக்கே நன்றி சொல்லிப் பழகிவிட்டான்.

மே மாதம் ஒரு நாள் குடும்பமாகச் சதுப்பைப் பார்க்கப் போனபோது, “இது எங்கட உமரியின்ர இனம்தான், சாப்பிடலாம்” என்று பெருமையாகக் காட்டியவன் அவனேதான். மாமி வேலியைத் தொட்டுப் பார்த்தார். யூலை தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசைக்குப் புதிதாக ஒரு வறை வந்தது. “மாமியின்ர கீரை வறைக்கு உப்பு நல்ல கணக்கு” என்று நாலு ஞாயிறும் புகழ்ந்தான். உப்பே போடாத வறை அது. நாலு வருட ஆராய்ச்சியைத் தேங்காய்ப்பூவோடு தின்றிருக்கிறான், அதுவும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கி. தேம்ஸ் சேற்றில் என்னென்ன உலோகங்கள் இருக்கலாம் என்று தானே எழுதிய பக்கம் நினைவுக்கு வர, வயிற்றைத் தடவிக்கொண்டான்.

கம்சிகா வேலையால் வந்ததும் படத்தைக் காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

“வியாழக்கிழமை கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டல்லோ போனவ?”

“கோயிலுக்கு ஆரும் பூட்ஸ் போடுவினமோ?”

“இஞ்சேருங்கோ, ரண்டு பஸ் மாறவேணும். அம்மா தனிய மூலைக்கடைக்கே போகமாட்டா.” அவள் கண் கலங்கியிருந்தது. “இதைச் சொல்லிப்போடாதேங்கோ. பிழை விட்டிட்டன் எண்டு தெரிஞ்சா, பிறகு அவ வாசல் தாண்டமாட்டா.”

சஞ்சயன் அன்றைக்கே அறிக்கையில் ஒரு வரி எழுதினான்: ‘இனங்காணப்படாத சிறு விலங்கு, முயலாக இருக்கலாம்.’ மாமியின் மானத்துக்காக எழுதுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வரியால் தன் வேலையும் தப்புகிறது என்பதைக் கவனிக்காதமாதிரி இருக்க முயன்றான். அதில் அவனுக்குக் கொஞ்சம் திறமை உண்டு. ஆனால் எவ்வளவு வெட்டுப்பட்டது என்ற கணக்கு வேண்டும். சனிக்கிழமை கம்சிகாவுக்கு ஷிப்ட். “சாமான் தூக்க ஆள் வேணுமாம்” என்று அவள் தாயிடம் சொல்லிவிட்டுப் போக, மாமி பூட்ஸைப் போட்டுக்கொண்டு காரின் பின்சீற்றில் ஏறினார்.

சதுப்பில் காற்று அடித்தது. தூரத்தில் லொறிகளின் இரைச்சல். சஞ்சயன் முதலாவது சதுரத்துக்குள் சேற்றில் முழங்காலை ஊன்றி, உமரித் தண்டுகளுக்கு அடிமட்டம் பிடித்தான். ஒவ்வொரு தண்டும் நேராக, அழகாக, ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. உலகத்தில் எந்த முயலுக்கும் இந்த ஒழுங்கு வராது. மாமி வேலிக்கு வெளியே, அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் இல்லை, பிரிட்ஜும் இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஒரு கபில நிறப் பசு வந்து நின்றது.

“தம்பி என்னத்தை அளக்கிறார்?” என்று மாமி பசுவைக் கேட்டார்.

சஞ்சயன் ஒரு கணம் யோசித்துவிட்டு, “மேய்ஞ்சு கட்டையாப் போனதை” என்று அவனும் பசுவுக்கே சொன்னான்.

“ஆர் மேய்ஞ்சதாம்?”

“தெரியேல்லை. ஏதோ சின்ன மிருகம்.”

பசு அசைபோட்டது.

“மிருகம் கத்தரிக்கோலால வெட்டுமே?”

அவன் அடிமட்டத்தைக் கீழே வைத்தான். மாமி பசுவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “தம்பி வேலியடைச்சுக் கஷ்டப்பட்டு வளர்க்கிறார், வீட்டுக்கு ஒரு கீரை கொண்டுவர அவருக்கு நேரமில்லையாக்கும் எண்டு நினைச்சன். வெளியில நிண்டதில நான் கை வைக்கேல்லை. அது உன்ர சாப்பாடு.”

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். வேலி ஏன் போட்டது, நாலு கோடை, திங்கட்கிழமைக் கூட்டம். பசு பொறுமையாகக் கேட்டது.

“இப்ப வேலை போயிடுமோ?”

“செப்டெம்பரோட போகலாம் மாமி.”

“முயல் எண்டு எழுதினா?”

“போகாது. இன்னும் ரண்டு வருஷம் கிடைக்கும்.”

மாமி பசுவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடைகளில் வற்று முடிந்து தண்ணீர் திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. அவர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று அவன் நினைத்தான். கம்சிகாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தான்.

“தம்பி.”

நிமிர்ந்தான். மாமி பசுவைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் மண்ணிறம் என்பது கலியாணம் கட்டிய பதினாலு வருடத்தில் அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியவந்தது.

“உங்களுக்குப் பொய் எழுதவேணுமெண்டால் உங்கட பாட்டுக்கு எழுதுங்கோ. எனக்காக எழுதவேண்டாம். ரண்டு பஸ் ஏறி, வழி கேட்டு, தனிய வந்தது நான். முதல் நாள் இறங்கவேண்டிய இடத்தை விட்டிட்டு அரை மைல் நடந்தனான். அதைக் கொண்டுபோய் ஒரு முயலுக்குக் குடுக்காதேங்கோ.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் துடைக்கப்போய் நெற்றியெல்லாம் சேறு. கொப்பியைத் திறந்தான். ‘மேய்ந்தது’ என்ற நிரலில் எழுதுவதற்குப் பேனையைத் தட்டவேண்டியிருந்தது, ஈரம். எழுதிய பெயரை மாமி எட்டிப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார்.

“எவ்வளவு எண்டும் எழுதவேணுமெல்லோ? முதல் வியாழன் மூண்டு பிடி. அடுத்தடுத்த ரண்டுக்கும் நாலு நாலு. கடைசிக்கு ரண்டு பிடிதான், மழை.”

“பிடியெண்டால் எவ்வளவு மாமி?”

அதென்ன கேள்வி என்பதுபோல அவர் உமரியைப் பிடிக்கிறமாதிரி விரல்களை மடக்கி, கையை வேலிக்கு மேலாக நீட்டினார். சஞ்சயன் முழங்காலில் நகர்ந்துபோய், அந்தக் கைப்பிடிக்குக் குறுக்கே அடிமட்டத்தை வைத்தான். பசு கழுத்தை நீட்டியது. அதன் சாம்பல் நிற நாக்கு வெளியே வந்து, மணிக்கட்டில் காய்ந்திருந்த உப்பை மெல்ல நக்கத் தொடங்கியது. கூசியிருக்கவேண்டும், மாமியின் தோள் ஒருமுறை துள்ளியது. அளவு பிழைத்துவிடும் என்று கையை மட்டும் அவர் அசைக்கவில்லை.