மூலையில் தெரிந்த எண்

விமானம் பதினேழாவது முறையாக ஓடுதளத்தில் குத்தி, எகிறி, மறுபடி குத்தி, ஒரு சிறகைப் புல்லில் சாய்த்துக்கொண்டு நின்றது. மச்சான் கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார். திரையில் புழுதி எழுந்து அடங்கியது. அடுத்த முயற்சிக்குத் தயாரா என்று கேட்கும் பச்சைப் பொத்தான் கண்சிமிட்டியது.

"எழுதிக்க மாப்ள. இதுலயும் செத்தேன்னு எழுதிக்க."

நோட்டில் எழுதினேன். பதினேழு. காலை பதினொன்று பத்து. உயரம் தப்பு. குத்தல். எதையும் தேதி, நேரம், காரணம் என்று கட்டம் போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூற்றுநாற்பது தையல் மெஷின்களைப் பராமரிக்கிறவன் அப்படி எழுதாவிட்டால் எந்த மெஷின் எப்போது எதற்காக நின்றது என்று தலையும் புரியாது, வாலும் புரியாது. பின்னறையில் இந்தச் சிமுலேட்டரை வைத்து ஆறு வருடமாகிறது. அதில் நான் பறந்த நேரமும் அதே நோட்டில் இருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு மணி. நிஜ விமானத்தின் முன்னிருக்கையில் நான் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்ததில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். இருபத்திரண்டு வருடம் ஒற்றை எஞ்சின் விமானம் ஓட்டியவர். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குத் தபாலும் மருந்தும், சில நாள் ஒரு நோயாளியும் கொண்டுபோவார். சென்ற வருடம் இதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். பறக்கும் உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டு, மற்ற விமானிகள் யார் எப்போது பறப்பது என்று பட்டியல் போடும் மேசையில் அவரை உட்கார வைத்தார்கள். பதினான்கு மாதம் அந்த மேசை. இப்போது மருத்துவர்கள் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி ஒரு பரிசோதகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறந்து காட்ட வேண்டும். தவறினால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் ஓய்வு பெறும்வரை அதே மேசைதான். பரிசோதனைக்கு இன்னும் இருபத்துநாலு நாள் இருந்தது. கம்பெனி பயிற்சிக்கு விமானம் தராது. அதனால்தான் மச்சான் தினமும் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்துகொண்டிருந்தார்.

"உன் மெஷின்ல ஒண்ணும் கையில வரல மாப்ள," என்றார். "பொம்மைய ஆட்டற மாதிரி இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த கைப்பிடி அது. அதன் அச்சு, கழித்துப் போட்ட தையல் மெஷின் ஒன்றினுடையது. ஸ்பிரிங்குகள் நானே சுருட்டியவை.

"என்ன வரலன்னு சொல்லுங்க மச்சான். சும்மா வரல வரலன்னா நான் எதைத் திருகறது?"

அவர் யோசித்தார். வாயால் விளக்கத் தெரியாதவர். தரை மட்டத்தைக் காட்டுகிறவர்போல இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் இல்லாத ஒரு கைப்பிடியை வயிற்றை நோக்கி இழுத்தார்.

"இதோ பாரு. வேகத்தைக் குறைச்சுட்டு மூக்கைத் தூக்கிப் பிடிக்கிறேன். கை வலிக்கும். உடனே டிரிம் சக்கரத்தைச் சுத்துவேன். வலி போயிடும். கை இருந்த இடத்துலயே இருக்கும், வலி மட்டும் போயிடும். உன் மெஷின்ல சக்கரத்தைச் சுத்தினா மூக்கு எகிறுது. நான் கையை முன்னால விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கு. நேர்மாறா இருக்குய்யா."

அவர் சொன்னது புரிந்தது. புரிந்தது என்பதுதான் எரிச்சலாக இருந்தது. அறுநூறு மணி நேரம் நான் அந்தச் சக்கரத்தை நேர்மாறாகச் சுற்றி, அதையே பறப்பது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று மாலையே சிமுலேட்டர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, உள்ளடக்கம் என்று பள்ளியில் பழக்கிய வரிசை மாறாமல், மூன்று குறைகளை எண் போட்டு விளக்கியிருந்தேன். ஒன்று, டிரிம் சக்கரம் கைப்பிடியின் கனத்தைக் குறைப்பதில்லை. இரண்டு, வேகம் குறைந்தாலும் கைப்பிடி தளர்வதில்லை. நிற்கும் விமானத்துக்கும் பறக்கும் விமானத்துக்கும் ஒரே கனம். மூன்று, தரையை நெருங்கும்போது விமானம் சற்று மிதக்க வேண்டும். உங்களுடையது செங்கல் மாதிரி விழுகிறது. நான்காம் நாள் பதில் வந்தது. எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி, மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பாருங்கள். நீக்கி, மீண்டும் நிறுவினேன். செங்கல் செங்கலாகவே இருந்தது. இரண்டாவது கடிதம் போட்டேன். மறுபடியும் அதே நன்றி, அதே ஆலோசனை.

"சுவத்துக்கிட்ட பேசறதுக்கு எதுக்குங்க இவ்வளவு மரியாதை?" என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் உக்காந்த இடத்துலயே உலகத்தைச் சுத்துறீங்க. ஒரு பால் பாக்கெட் வாங்க ஆளக் காணோம்."

நானே செய்வதென்று முடிவெடுத்தேன். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டத்தில் அறைந்திருந்தேன். அதைப் பிடுங்கி நீளமான ஒரு திருகாணியில் மாட்டி, அந்தத் திருகாணியை டிரிம் சக்கரத்தோடு இணைத்தேன். சக்கரத்திலிருந்து கணினிக்குப் போன ஒயரைக் கழற்றி எறிந்தேன். இப்போது சக்கரத்தைச் சுற்றினால் ஸ்பிரிங் நகரும், வலி குறையும், மூக்கு அசையாது. கேட்க எளிது. செய்ய ஒன்பது நாள். வேலைக்குப் போகுமுன் ஒரு மணி, வந்தபின் இரண்டு மணி. திருகாணி இரண்டு முறை பிசகியது. ஒருமுறை ஸ்பிரிங் தெறித்து மூக்குக்கண்ணாடியைக் கீறியது. பத்தாம் நாள் மச்சான் உட்கார்ந்து, இழுத்து, சக்கரத்தைச் சுற்றினார். சுற்றியபின் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"ம்," என்றார்.

அந்த ஒரு எழுத்துக்காக ஒன்பது நாள் உழைத்தேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆனால் இறக்கம் மட்டும் சரிப்படவில்லை. தரைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் விமானத்தை நிமிர்த்த வேண்டும். மச்சான் ஒன்று இரண்டு ஆள் உயரத்தில் நிமிர்த்துவார், அல்லது நிமிர்த்துமுன் குத்துவார். நிஜத்தில் ஓடுதளத்தின் கடைசி முனையைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். இரு பக்கமும் புல் மேலேறி வருவது கடைக்கண்ணில் தெரியுமாம், இருக்கை லேசாகக் கீழே நழுவுவது முதுகில் தெரியுமாம். என் அறையில் கடைக்கண்ணுக்குத் தெரிவது இடப்பக்கம் துணி அலமாரி, வலப்பக்கம் இஸ்திரி மேசை. இருக்கை பழைய அலுவலக நாற்காலி. அது எங்கே நழுவும்? முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று குத்தல்கள் நோட்டில் ஏறின. மச்சானின் முகம் சுண்டத் தொடங்கியது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. விமானம் கீழே இறங்கும் வேகத்தை, நிமிடத்துக்கு இத்தனை அடி என்று, பெரிய மஞ்சள் எண்ணாகத் திரையின் இடது கீழ் மூலையில் வரவைத்தேன். நூற்றைம்பதுக்குக் கீழே கொண்டுவந்தால் பூப்போல இறங்கும். முந்நூற்றைத் தாண்டினால் குத்தும்.

முதல் முயற்சி இருநூற்றுப் பத்து. மூன்றாவது, நூற்று நாற்பது. அந்த வாரக் கடைசியில் தொடர்ந்து பன்னிரண்டு இறக்கங்கள், எல்லாம் நூற்றை ஒட்டி. மனைவி வாசல்படியில் நின்று கைதட்டினாள். நான் பன்னிரண்டையும் பச்சை மையில் எழுதினேன்.

மச்சான் சிரிக்கவில்லை. "நான் ஓட்டல மாப்ள. அந்த நம்பர் ஓட்டுது," என்றார்.

"கடைசி வாரம் மச்சான். முதல்ல தைரியம் வரட்டும்."

"ஏன் அண்ணே, அந்த நம்பர் அங்கேயும் இருக்குமா?" என்று கேட்டாள் மனைவி.

நான் முந்திக்கொண்டேன். "இருக்கும். முள்ளா இருக்கும். எல்லாம் ஒண்ணுதான்."

ஒன்றல்ல. நிஜ விமானத்தில் அந்த முள் இரண்டு மூச்சு பிந்திதான் அசையும், இறங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை என்று மச்சானே என்னிடம் முதல் வாரத்தில் சொல்லியிருந்தார். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

பரிசோதனை நாள் காலை விமானத் திடலுக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். பரிசோதகர் ஒரு பெண்மணி. மச்சானைவிடப் பத்து வயதாவது இளையவர், குட்டையாக வெட்டிய முடி, கையில் ஒரு தாளட்டை. மச்சான் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். சிறகின் கீழ்ப்பக்கத்தைப் புறங்கையால் தடவினார். பதினான்கு மாதத்துக்குப்பின் அவர் முதுகு நேராக இருந்ததை அன்றுதான் கண்டேன்.

மேலே ஏறியதும், திரும்பியதும், உயரத்தில் செய்து காட்டிய வித்தைகளும் நன்றாகவே இருந்தன. வேலியோரம் நின்றவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. முதல் இறக்கம். விமானம் நேர்க்கோட்டில் வந்தது, நிமிர வேண்டிய இடத்துக்கும் வந்தது. அங்கே ஒரு கணம், ஒரேயொரு கணம், எதையோ தேடுவதுபோலத் தயங்கியது. பிறகு பொத்தென்று விழுந்து, எகிறி, எஞ்சின் அலற மறுபடி மேலே போனது. இரண்டாவது இறக்கத்திலும் அதே இடம், அதே தயக்கம். மூன்றாவதில் அவரிடமிருந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டு பரிசோதகரே இறக்கினார் என்று பிற்பாடு தெரிந்தது.

இருவரும் நடந்து வந்தார்கள். பரிசோதகரின் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை.

"உங்க கை நல்லாத்தான் இருக்கு சார். கண்ணு எங்க போகுதுன்னுதான் புரியல. வியாழக்கிழமை வாங்க. அதுதான் கடைசி, உங்களுக்கே தெரியும்."

காரில் ஏறினோம். நான் நோட்டை டாஷ்போர்டிலிருந்து எடுத்துக் கால்மாட்டில் போட்டேன். திடலின் வேலியை ஒட்டிய மண் பாதையில் வண்டி குலுங்கிக்கொண்டே போனது. ஊருக்குப் போக வேறு வழியில்லை.

"இடது மூலைக்குப் போச்சு மாப்ள," என்றார் திடீரென்று. "தரை வர்ற நேரத்துல கண்ணு தானாவே முன்கண்ணாடியோட இடது மூலைக்குப் போச்சு. அங்க என்ன இருந்துச்சு தெரியுமா? செத்த பூச்சி ஒண்ணு. அதப் பார்த்துக்கிட்டு இருக்கேன், இந்தம்மா பக்கத்துல உக்காந்து என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கு. ரெண்டாவது தடவை போகக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சேன். அப்பவும் போச்சு."

"மச்சான், தப்பு என்னோடதுதான். ஒண்ணு, அந்த நம்பரை வச்சிருக்கவே கூடாது. ரெண்டு, முள்ளும் நம்பரும் ஒண்ணுன்னு நான் சொன்னது..."

"நிறுத்து. எனக்கு லெட்டர் எழுதாத."

கியரை மாற்றினேன்.

"இருபத்திரண்டு வருஷம்யா," என்றார். ஒருமுறை இருமினார். "மூணு வாரத்துல துடைச்சு எடுத்துட்டியே. நானும் துணியைக் கையில எடுத்துக் கொடுத்துட்டு உக்காந்திருந்தேன்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். இன்று இரவுக்குள் அந்த எண்ணை எடுத்துவிடலாம். பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு திரை வைத்தால் கடைக்கண்ணுக்குப் புல் கிடைக்கும். நாற்காலியின் அடியில் ஒரு மோட்டாரைப் பொருத்தினால் நழுவுவதுகூட வந்துவிடும். இத்தனைக்குப் பிறகும் என் மூளை அதே திருகாணியைத்தான் திருகிக்கொண்டிருந்தது. வியாழனுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வாய் திறக்கப்போனேன்.

"வண்டியை நிறுத்து."

நிறுத்தினேன். அவர் இறங்கி வேலியருகே போனார். ஓடுதளம் தொடங்கும் முனை அங்கேதான் இருந்தது. பயிற்சிப் பள்ளியின் சிறு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்து இறங்கி, நிற்காமல் மறுபடி ஏறிக்கொண்டிருந்தன. மச்சான் கால்களைச் சற்று அகட்டி நின்றார். இடது கை வேலிக் கம்பியில். வலது கையை நெஞ்சுக்கு முன்னால் தளர்வாக மடக்கி, எதையோ பிடித்திருப்பதுபோல் வைத்துக்கொண்டார். எங்கள் தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஓடுதளத்தின் மறுமுனையில், வெயிலில் நெளிந்துகொண்டிருந்த ஏதோ ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றை நோக்கி வந்தது. பாதி தூரம் வருமுன்பே டயர் கீச்சிட்டது.

கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த விமானம். கை வயிற்றைத் தொட்டு வெகு நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. இரண்டும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுபடி கையை முன்னால் நீட்டினார். நெற்றி வியர்வை புருவத்தில் நின்றது, துடைக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

ஐந்தாவது விமானம் வந்தது. அதன் நிழல் எங்களைத் தாண்டிப் புல்மேல் ஓடியது. நான் விமானத்தைப் பார்க்காமல் அவருடைய கையை மட்டும் பார்த்தேன். விரல்கள் இறுகவில்லை. மணிக்கட்டு மெல்ல மெல்ல உள்ளே வந்தது, சற்று நின்றது, இன்னும் ஒரு விரற்கடை வந்தது, சட்டைப் பொத்தானைத் தொட்டு நின்றது. நான் டயர் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்து நின்றேன்.