சரளைப் பாதையில் இரண்டு பேர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தப் படத்தில் நான் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தபோதும் அதே இரண்டு பெண்கள் அதே சரளைப் பாதையில் நடந்துகொண்டிருந்தார்கள். பேச்சில்லை, கதை என்றும் ஒன்றுமில்லை. காலடிச் சத்தம் மட்டும் சரக், சரக். காரணமே இல்லாமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சத்தத்தை யார் செய்திருப்பார்கள் என்று யோசித்ததில் பிறந்தது இது.

2

அன்று மழை பெய்துகொண்டிருந்த

(வேண்டாம். ஒலிப்பதிவு அறைக்குள் மழை கேட்காது.)

காலடிக்காரி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். திரையில் நடப்பவர்களைப் பார்த்து, அடி பிசகாமல் தானும் நடந்து சத்தம் தருவது அவள் வேலை. போலீஸ்காரர், மணப்பெண், பேய்* எல்லோருக்கும் நடந்தாயிற்று. தனக்குப் பிடிப்பது பெண்களைத்தான் என்று அவளுக்கு வெகுநாளாகத் தெரியும். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அடுத்தவர் செருப்புக்குள் ஒளிந்துகொள்வது சௌகரியமாக இருந்தது.

*பேய்க்கு ஏது கால் என்று கேட்காதீர்கள். தயாரிப்பாளர் கேட்டால் முளைக்கும்.

3

முதல் பெண்ணின் நடை ஒரே தடவையில் வந்துவிட்டது. இரண்டாமவளின் நடைதான் சண்டித்தனம் செய்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிப்பதிவுக்காரி சொன்னாள்: "ஒருத்தியே ரெண்டு தடவை நடந்த மாதிரி இருக்கு. அவங்க சேர்ந்துல்ல போறாங்க?"

"சேர்ந்து போனா எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

[இதை நான் எழுதவில்லை. அவளே சொல்லிவிட்டாள்.]

காலடிக்காரிக்கு யார்மேல் ஆசை என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒலிப்பதிவுக்காரி வேறு வேலைக்குப் போகப்போகிறாள் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பயமுறுத்தியா ஒருத்தியைக் காதல் சொல்ல வைப்பது?

4

கதவைத் திறந்துகொண்டு ஒலிப்பதிவுக்காரியே வந்தாள். இரண்டாமவளின் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். காலடிச் சத்தத்துக்கென்றே சரளை கொட்டி வைத்திருந்த சின்னக் குழிக்குள் இருவரும் நின்ற இடத்திலேயே நடந்தார்கள். தோள் இடித்தது.

"இடிக்குது."

"இடிக்கட்டும். நல்லா வருது, நிறுத்தாத."

திரையில் அந்தப் பெண்கள் போய்விட்டார்கள். வெறும் பாதை. இவர்கள் நிற்கவில்லை.

"படம் முடிஞ்சு போச்சு," என்றாள் ஒலிப்பதிவுக்காரி.

"தெரியும்."

"அப்ப இது யாரோட நடை?"

"என்னோடது," என்றாள் காலடிக்காரி. "உன்கூடன்னா எனக்கு இப்படித்தான் வருது. ரொம்ப நாளாவே."

5

ஒரு முடிவில் முத்தம் வைத்தேன். இன்னொன்றில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தேன். இரண்டையும் கிழித்தாயிற்று.

ஒலிப்பதிவுக்காரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். ஆனால் மைக் ஓடுகிறது, நான் எழுதுகிறேன், போதாக்குறைக்கு நீங்கள் வேறு படிக்கிறீர்கள். இத்தனை பேர் நடுவே என்னவென்று பேசுவாள்?

மைக் ஒயரை அவளே பிடுங்கிவிட்டாள். நான் பேனாவை மூடுகிறேன்.

பாக்கி நீங்கள்தான்.