விடுபட்ட ஐந்தாம் பாடம்

சிவநந்தினி வெற்றிலைகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இழவுக்கு வந்தவர்களுக்கு அது மூன்றாவது தட்டு.

"பொயிலயும் வையி புள்ள," என்றாள் காத்தாயிப் பெரியம்மா. "இல்லாட்டி ஒங்கப்பன் எந்திரிச்சு வந்து கேப்பாரு."

பக்கத்து லயத்து வீடுகளின் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சவப்பெட்டியருகே சுவரில் சாய்ந்திருந்தாள். பெட்டிக்குள் அப்பாவின் இடது கன்னத்தை வெள்ளைத் துணியால் மறைத்திருந்தார்கள்.

அப்பாவின் போன் அடித்தது. சனிக்கிழமை, பத்து மணி. ஹிதாயா மிஸ். ஸ்கூலில் பெயர் கொடுத்த பிள்ளைகளுக்கு, புற்றுநோய் வராமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி மாதம் ஒருமுறை மாத்தளையிலிருந்து போனில் பாடம் சொல்பவர்.

முதல் தடவை அவர் பேசியபோது அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல யாரும் வெத்தில, பொயில போடுறாங்களா மகள்?"

அப்பாவை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? "இல்ல மிஸ்," என்றாள். அப்பா சிவந்த பற்கள் தெரியச் சிரித்தார்.

ஐந்தாவது மாதம் மிஸ் சொன்னார்: "இது வாய்க்குள்ள வெள்ளையா படுறத, ஆறாத புண்ண வீட்டுலயே பாத்துக்கொள்ற பாடம். ஒங்கட வீட்டுலதான் யாரும் போடுறதில்லயே. அடுத்ததுக்குப் போவம்."

அப்போது அப்பா, காரம் தாங்காமல், சோற்றில் தண்ணீர் ஊற்றித் தின்றுகொண்டிருந்தார்.

"சரி மிஸ்," என்றாள்.

இப்போது போனை எடுத்தாள்.

"மகள், பேச ஏலுமா? சத்தமா இருக்கே."

வெளியே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா தவறிட்டாங்க மிஸ். வாயில புற்று."

சிவநந்தினி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் மொதல்ல பொய் சொல்லிட்டேன். அப்பா போடுவாங்க. அம்மாவும் போடுறாங்க."

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்டைக்கு வேணாம் மகள். நான் பொறகு எடுக்குறன்."

"இல்ல மிஸ். அந்த அஞ்சாவது பாடத்த இப்பவே சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க."

ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பெண்கள் உட்கார்ந்திருந்த பாயின் நடுவே வைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மிஸ் மெதுவாகத் தொடங்கினார். வெளிச்சத்தில், கண்ணாடி முன்னால். முதலில் உதடு. பிறகு நாக்கின் அடிப்பக்கம். பிறகு கன்னத்தின் உட்புறம். சொரசொரப்பாகத் தட்டுப்படுகிறதா என்று.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அம்மா பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூடிய வாய்க்குள் அவள் நாக்கு கன்னத்தைத் தடவுவது வெளியே தெரிந்தது. ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப.